சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நட்சத்திரம்

பக்கத்து அறையில் டிக்... டிக்... என்று சோம்பலாகச் சொட்டிக்கொண்டிருந்த சத்தம், மதியம் இரண்டு இருபதுக்குத் திடீரென்று கடுகு வெடிப்பதுபோல் சடசடவென்று வெடிக்கத் தொடங்கியது.

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருந்த தையல்காரி நிமிர்ந்தாள். கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைக்கவும் மறந்து எழுந்து நின்றாள்.

"ஐயோ, இன்னைக்குமா! அதுவும் பரிசோதனைக்கு அந்தம்மா வந்திருக்கும்போதா!"

தையல்காரி என்பது அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வாய்த்த பட்டப்பெயர். உண்மையில் அவளுக்கு ஒரு சட்டைப் பித்தானைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாது. வீட்டில் அறுந்துபோகிற பித்தான்களையெல்லாம் தைப்பவர் அவள் கணவர்தான். அவள் தைப்பது வேறு. ஒரு தலைமுடியை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் எவ்வளவு மெல்லிசாக இருக்கும்? அவ்வளவு மெல்லிய அலுமினியக் கம்பியை, தபால்தலை அளவுள்ள சிலிக்கான் சில்லின் ஓரத்திலிருந்து அதைத் தாங்கும் பலகை வரைக்கும் வில்போல வளைத்துக் கொண்டுபோய் ஒட்டுவாள். மூச்சு விட்டால் கம்பி ஆடும். இதயம் துடித்தால்கூட விரல்நுனி அசையும். அதனால் இரண்டு துடிப்புக்கு நடுவே இருக்கிற அந்தக் கொஞ்சூண்டு இடைவெளியில்தான் அவள் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவாள். இருபத்தெட்டு வருடங்களாக அவள் பிழைப்பே அந்த இடைவெளியில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

பத்தொன்பது வயதில் காது கேட்கும் கருவி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினாறு வருடம் யார் யாருடைய காதுக்கோ தைத்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கொக்குபோல் கழுத்து நீண்ட ஓர் இளம் பேராசிரியர் அந்தத் தொழிற்சாலைக்குள் வந்து, அவள் தோளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "அக்கா, காதுக்குத் தைச்சது போதும். வானத்துக்குத் தைக்க வர்றீங்களா?" என்று கேட்டார்.

பைத்தியமோ என்று முதலில் நினைத்தாள். பிறகு, பைத்தியந்தான், ஆனால் நல்ல பைத்தியம் என்று முடிவு செய்து கூடவே வந்துவிட்டாள்.

அவர் சொன்ன வானம் இதுதான். நட்சத்திரங்கள் வெடித்துச் சாகும்போது காமா கதிர் என்றொரு ஒளி கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி வைத்துத் திருப்ப முடியாது. பூமியைச் சுற்றியிருக்கும் காற்று அதைக் கீழே இறங்க விடாது. அதனால் காற்றுக்கு மேலே ஒரு செயற்கைக்கோளை அனுப்பி, அதில் சிலிக்கான் சில்லுகளை அடுக்கடுக்காக வைத்து அந்த ஒளியைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சில்லிலும் ஆயிரக்கணக்கான குட்டிக் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் கதிர் விழுந்ததோ அந்தக் கட்டம், "இங்கே விழுந்தது, இவ்வளவு பலமாக விழுந்தது" என்று சொல்லும். சொன்னதைக் கம்பி வழியாக வெளியே கொண்டுவருவது தையல்காரியின் வேலை.

இதையெல்லாம் ஒருநாள் அவள் வீட்டில் விளக்கியபோது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சாகப்போற நட்சத்திரம் போடுற கூச்சலக் கேக்கறதுக்கா இவ்வளவு பாடு? ஒருநாள் என் வண்டியில ஏறு. சாகாமலே போடுவாங்க" என்றார். ஊரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தையல்காரி சோதனை அறைக்குள் ஓடினாள்.

நடுமேசையில் கறுப்புப் பெட்டி. அதற்குள், துளி வெளிச்சமும் புகாத இருட்டில், அவள் தைத்த பலகை. நான்கு சில்லு, எண்ணூற்றுப் பன்னிரண்டு கம்பி. பெட்டியோடு ஒரு சின்ன ஒலிபெருக்கியைப் பேராசிரியர் இணைத்திருந்தார். ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர் விழுந்தால் ஒரு டிக். பக்கத்தில் கதிர் வீசும் பொருள் எதுவும் இல்லாவிட்டால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டிக் வரும். அவை சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கிற உதிரிக் கதிர்கள். இருபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சில்லு தானாகப் பிதற்றுகிறது என்று அர்த்தம். பிதற்றுகிற சில்லு நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்போது அது பிதற்றவில்லை, ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"நிமிஷத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார் பரிசோதகர் அம்மா. செயற்கைக்கோள் அலுவலகத்திலிருந்து காலையில்தான் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், ஐந்தடிகூட இல்லாத உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பேனா. அந்தப் பேனாவைப் பார்த்தாலே பேராசிரியருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"தொ... தொள்ளாயிரம் மேடம்."

"இருபதுக்கு மேல போகக் கூடாதுன்னு எழுதினது யாரு, நானா?"

"இல்ல மேடம், நான்தான்."

"ம்." பேனா மூடி திறந்துகொண்டது. "மூணு மணிக்கு மறுபடியும் எண்ணுவோம், அரைமணி நேரம். அப்பவும் இப்படியே இருந்தா 'தகுதி இல்லை'ன்னு எழுதிட்டுக் கிளம்பிடுவேன். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வேற ஒரு ஆய்வுக்கூடத்துல பலகை தயாரா வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

பன்னிரண்டு வருடம்! தையல்காரியின் கைவேலை விண்ணுக்குப் போகுமா, இல்லை அலமாரிக்குப் போகுமா என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இதே கூத்து செவ்வாய்க்கிழமை மதியமும் நடந்திருந்தது. ஒத்திகைக்காகப் பெட்டியை ஓடவிட்டபோது இரண்டு மணிக்குப் பிறகு சடசடப்புத் தொடங்கி, ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுத் தானாக அடங்கியது. அன்றைக்கு எத்தனை டிக் என்று மட்டும்தான் எண்ணினார்கள். எவ்வளவு பலம் என்று அளக்கும் நிரலை ஓடவிடவில்லை. அதனால் காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று பேராசிரியர் பெட்டிக்கு மேல் தன் குளிர்கோட்டைப் போர்த்தினார். அதற்கு மேல் சமையல் அலுமினியத் தாள் சுற்றினார். மின்தூக்கியை நிறுத்தச் சொல்லி மேல்மாடிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் தரையைப் பார்த்தபடி, "அக்கா, ஒருவேளை... எங்கயாவது ஒரு கம்பி..." என்று இழுத்தார்.

அந்த "ஒருவேளை" அவள் நெஞ்சில் தைத்துக்கொண்டது. புதன்கிழமை முழுக்க நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்காமல் எண்ணூற்றுப் பன்னிரண்டையும் ஒன்றொன்றாகப் பார்த்தாள். சந்தேகத்தின் பேரில் பதினொரு கம்பியைப் பிய்த்துப் புதிதாகத் தைத்தாள். ஒன்றில்கூடக் குறை இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நாற்பத்தேழு வயதுக் கை, யார் கண்டது?

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணியாக மகள் வந்து தங்கியிருக்கிறாள். செவ்வாய் இரவு அவள் ஆசையாக அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், மனுஷன் நெருப்பை மிதித்தவர்போல் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனார். அங்கேயும் வந்தாள். பால்கனிக்குப் போய்விட்டார். "என்மேல அப்பாவுக்கு என்ன கோபம்?" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள். ராத்திரி முதுகுவலி என்று சொல்லி அவர் கூடத்தில் தனியாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். ஒரு வாரமாகவே ஆள் ஒரு மாதிரிதான். இன்றைக்கு வேறு, இரண்டு மணிக்கு மேல் இங்கே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். "இந்தப் பக்கம் ஒரு வேலை" என்பார். என்ன வேலை என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்.

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பரிசோதகர் அம்மாவின் முன்னால் அழக் கூடாது என்று நடைபாதைக்கு வந்தாள்.

மாஸ்டர் சோதனை அறையின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அதை என்ன சுவர் என்பது! இரண்டு பலகைக்கு நடுவே காற்றை அடைத்து வெள்ளை பூசிய தடுப்பு. அந்தப் பக்கம் கறுப்புப் பெட்டி, இந்தப் பக்கம் மாஸ்டரின் முதுகு.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு?"

"என் கை போச்சுங்க." அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். "இருபத்தெட்டு வருஷம் சோறு போட்ட கை. போச்சு. இனிமே நான் எதுக்கு ஆவேன்?"

"சேச்சே, என்ன பேச்சு இது! இரு, தண்ணி கொண்டு வர்றேன். முதல்ல குடி, அப்புறம் அழு."

அவர் எழுந்து நடைபாதையின் கோடியில் இருந்த தண்ணீர் இயந்திரத்தை நோக்கிப் போனார். திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த சடசடப்பு தளர்ந்தது. சட்... சட்... பிறகு, டிக்.

"நின்னுடுச்சு!" என்று உள்ளே பேராசிரியர் கத்தினார்.

மாஸ்டர் குவளையோடு திரும்பி வந்தார். சடசடசட.

"வந்துடுச்சு!" என்று அலறல்.

அலறலில் திடுக்கிட்டு மாஸ்டர் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். "என்னப்பா இவரு, ஆள இப்படிப் பயமுறுத்துறாரு!" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் நிரப்பப் போனார்.

"நின்னுடுச்சு மேடம், நின்னுடுச்சு!"

திரும்பினார்.

"ஐயய்யோ!"

தையல்காரிக்கு அழுகை பாதியில் நின்றது. ஒரு துளி மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. கணவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடியும் கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க... அப்படியே நில்லுங்க."

"என்ன, பல்லியா?"

"ரெண்டு அடி பின்னாடி போங்க."

போனார். சத்தம் குறைந்தது.

"இப்ப முன்னாடி. இன்னும். இன்னும்."

"ஏம்மா, நான் முப்பது வருஷமா அடுத்தவங்கள முன்ன பின்ன ஓட்டவெச்சிருக்கேன். என்னையே ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன முதல் ஆள் நீதான்."

"பேசாதீங்க, வாங்க!"

சடசடசடசட!

கொக்குக் கழுத்து கதவுக்கு வெளியே நீண்டது. "அக்கா, என்ன பண்றீங்க?"

"சார், இவரு வந்தா வருது. போனா போகுது."

"யாரு? மாஸ்டரா?" பேராசிரியரின் கண் அகலமானது. "பாக்கெட்ல என்ன வெச்சிருக்கீங்க?"

செல்போன் நாற்காலிக்குப் போனது. ஆளை நகர்த்தினார்கள், சத்தமும் ஆளோடு நகர்ந்தது. சாவிக்கொத்து போனது. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சில்லறை எல்லாம் போயின. "ஷூவக் கழட்டுங்க" என்றாள் தையல்காரி. கழற்றினார். இடது காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பெல்ட்?"

"இந்தா, அதுக்கு மேல ஒண்ணும் கழட்ட மாட்டேன். படிச்சவரு இருக்காரு, மரியாதை கெட்டுடும்."

பெல்ட்டும் நாற்காலிக்குப் போனது. இடுப்பில் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி மாஸ்டர் சுவரோரம் வந்து நின்றார். சத்தம் ஒரு துளியும் குறையவில்லை.

"சார்," என்றாள் தையல்காரி, நம்ப முடியாத குரலில், "பொருள் இல்ல. ஆளேதான்!"

பேராசிரியர் தலைகால் புரியாமல் ஒரு குதி குதித்தார். அந்தக் குதியில் கதவுநிலை நெற்றியில் இடித்தது. அதையும் பொருட்படுத்தாமல் சிரித்தார். "அப்படின்னா பலகை நல்லாருக்கு! அக்கா, உங்க பலகை நல்லாருக்கு!"

"சத்தம் போடாதீங்க." பரிசோதகர் அம்மா கதவருகே வந்து நின்றிருந்தார். "சார், நீங்க அங்கயே, சுவத்தோரமா நில்லுங்க. பேராசிரியரே, பலம் அளக்குற நிரல் இன்னைக்கு ஓடுதில்ல? திரையக் காட்டுங்க."

திரையில், எந்தப் பலத்தில் எத்தனை டிக் என்று காட்டும் ஒரு கோடு. இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி, ஐம்பது என்ற எண்ணில் வெட்டிவிட்டதுபோல் சரிந்து, அதற்கப்புறம் தரையோடு தரையாகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்த கோடு, நூற்று நாற்பது என்ற இடத்தில் மட்டும் எறும்புப் புற்றுபோல் ஒரு சின்ன மேடு கட்டியிருந்தது.

அந்த மேட்டைப் பார்த்ததும் பரிசோதகர் அம்மாவின் முகத்தில், காலையிலிருந்து யாரும் பார்க்காத ஒன்று தோன்றியது. சிரிப்பு.

நடைபாதைக்கு வந்து, அண்ணாந்து மாஸ்டரைப் பார்த்தார். "காலையில எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தீங்க?"

மாஸ்டர் திருட்டு முழி முழித்தார். "ஆஸ்பத்திரியா? நானா? எதுக்கு?"

"கதிர் வீசுற மருந்த ஊசியில ஏத்தி ஒரு படம் எடுத்திருப்பாங்களே. அந்த மருந்துதான் நூத்தி நாப்பதுல மேடு கட்டும். எங்க, எலும்புக்கா, தைராய்டுக்கா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரையில் இந்தத் தடவை உதவி எதுவும் இல்லை.

"நெஞ்சுக்கு" என்றார், குழந்தைபோல.

சுவருக்கு அந்தப் பக்கம் சில்லு மட்டும் சடசடவென்று, "ஆமாம், ஆமாம், ஆமாம்" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நெஞ்சுக்கா? உங்களுக்கா?"

"போன வாரம் ஒரு பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். அது பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சது. இடது கையில சுருக்குன்னு ஒரு வலி. டாக்டர்கிட்ட காட்டினேன். ரெண்டு நாளு படம் எடுக்கணும்னாரு. செவ்வாய்க்கிழமை ஓடவெச்சு ஒண்ணு, இன்னைக்குச் சும்மா படுக்கவெச்சு ஒண்ணு. ஏதோ ஊசி போட்டாங்க. அன்னைக்கு ஒரு நாளு கர்ப்பிணிப் பொண்ணுங்க கிட்டயும் குழந்தைங்க கிட்டயும் நெருங்கி உட்காராதீங்கன்னு சொன்னாங்க."

செவ்வாய்க்கிழமை! அடுத்த நாற்காலி. பால்கனி. கூடத்துப் பாய். ஒவ்வொன்றாக அவள் மனத்தில் வந்து விழுந்தது.

"அதனாலதான் பொண்ணப் பார்த்து ஓடினீங்களா? அவ ராத்திரி பூரா அழுதாளே, பாவி மனுஷா!"

"நானும்தான் அழுதேன். பாய்ல படுத்துக்கிட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?" அவள் குரல் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. "இருபத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவகிட்ட சொல்லாம, தனியா போய் நெஞ்ச படம் எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க! நான் யாரு உங்களுக்கு? பக்கத்து வீட்டுக்காரியா?"

மாஸ்டர் கால்சட்டையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை பரீட்சைன்னு நீ ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருந்தியே. ரெண்டு துடிப்புக்கு நடுவுலதான் தைப்பேன்னு சொல்லுவல்ல? என் துடிப்பப் பத்திச் சொன்னா உன் துடிப்பு கெட்டுப் போகும்மா. கை நடுங்கும். பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்."

பேராசிரியர் சட்டென்று திரும்பிச் சுவரிலிருந்த தீயணைப்பு விதிகளை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார்.

"அப்ப இங்க எதுக்கு வந்து உட்கார்ந்தீங்க?" என்றாள் தையல்காரி.

"வீட்டுக்குப் போனா பொண்ணு இருக்கா. பூங்காவுக்குப் போனா குழந்தைங்க. வண்டியிலயே உட்காரலாம்னு பார்த்தேன்..." அவர் தரையைப் பார்த்தார். "பயமா இருந்துச்சு. உன் பக்கத்துல உட்காரணும்போல இருந்துச்சு. உன்கிட்ட சொல்லாம உன் பக்கத்துல உட்காரறதுக்கு இந்த ஒரு நாற்காலிதான் இருக்கு. நீ அந்தப் பக்கம் இருப்பன்னு தெரியும். சுவத்துல சாஞ்சுக்கிட்டேன்."

தையல்காரி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு நடுவில் ஏதோ ஞாபகம் வந்து, முகம் சிவக்க அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"பதினொரு கம்பி! உங்களால பதினொரு நல்ல கம்பியப் பிய்ச்சுப் போட்டேனே! ஒவ்வொண்ணும் முத்து முத்தா இருந்துச்சு!"

"அடிக்காதம்மா, நெஞ்சு நோயாளி."

"நோயாளின்னு யாரு சொன்னது? முடிவு வந்துடுச்சா?"

"மூணு மணிக்குள்ள போன் பண்றேன்னாங்க."

எல்லாருடைய கண்ணும் நாற்காலிக்குப் போனது. சாவி, பெல்ட், மூக்குக்கண்ணாடி, அவற்றுக்கு நடுவே செல்போன். மணி இரண்டு நாற்பத்தொன்பது. போன் கல்லுபோல் கிடந்தது.

காத்திருக்கும் அந்த நேரத்தைப் பரிசோதகர் அம்மா வீணாக்க விடவில்லை. சுண்ணாம்புக் கட்டி ஒன்றை வரவழைத்து, அவர் சாய்ந்திருந்த இடத்திலிருந்து ஓரடி, ஈரடி, நாலடி, எட்டடி என்று நடைபாதைத் தரையில் கோடு போடச் செய்தார். மாஸ்டர் ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றார். "கைய ஆட்டாதீங்க. மூச்சு விடலாம்" என்றார் அம்மா. தூரம் கூடக்கூட எண்ணிக்கை எவ்வளவு குறைய வேண்டுமோ, சரியாக அவ்வளவு குறைந்தது. ஆனால் அந்தச் சின்ன மேடு நூற்று நாற்பதை விட்டு ஒரு மயிரிழை நகரவில்லை.

"படிவத்துல 'சோதனைக்குப் பயன்படுத்திய கதிர் மூலம்'னு ஒரு இடம் இருக்கு. என்னன்னு எழுதறது?" என்று கேட்டார் அம்மா, பேனாவைத் திறந்தபடி.

"கணவர், ஒன்று" என்றாள் தையல்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நிலைமை?"

"பழசு. கொஞ்சம் சத்தம் வரும்."

அம்மா எதையோ எழுதினார். பிறகு பேராசிரியரிடம் சொன்னார்: "நான் ஒரு மூலத்தக் கையில கொண்டு வந்திருந்தா நீங்க எதிர்பார்த்திருப்பீங்க. எந்த இடத்துல மேடு வரணும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கும். இவரு சொல்லாம வந்து உட்கார்ந்தாரு. பலகை தானா கண்டுபிடிச்சு, நூத்தி நாப்பதுன்னு துல்லியமாச் சொல்லிடுச்சு. நட்சத்திரமும் நம்மகிட்ட சொல்லிட்டா வெடிக்கப்போகுது?"

அப்போது போன் அடித்தது.

மாஸ்டர் எட்டடிக் கோட்டில் நின்றிருந்தார். நாற்காலிப் பக்கம் ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். தையல்காரிதான் எடுத்தாள். இருபத்தெட்டு வருடம் பழகிய கை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

"ஆமாங்க... வீட்டுக்காரம்மாதான் பேசறேன்... சொல்லுங்க... ம்... ம்..."

பேராசிரியர் தீயணைப்பு விதிகளை மூன்றாவது தடவையாகப் படித்தார். பரிசோதகர் அம்மா பேனா மூடியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"சரிங்க... கண்டிப்பாங்க... ரொம்ப நன்றிங்க."

போனை வைத்தாள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா சொன்னாங்க? பரவால்ல, சொல்லிடு. தாங்கிக்கறேன்."

"பெரிய அடைப்பு ஒண்ணும் இல்லயாம். ரத்த ஓட்டம் நல்லா இருக்காம். தினம் ஒரு மாத்திரை, காலையில முக்கா மணி நேரம் நடை. அப்புறம்..." அவளுக்கு உதடு துடித்தது, சிரிப்பிலா அழுகையிலா என்று அவளுக்கே தெரியவில்லை. "வண்டியில கத்துறதக் குறைச்சுக்கணுமாம்!"

பேராசிரியர் ஓடிவந்து மாஸ்டரைக் கட்டிக்கொண்டார். மாஸ்டர் இரண்டு கையாலும் திருப்பிக் கட்டிக்கொள்ள, ஆதரவற்றுப்போன கால்சட்டை முழங்கால் வரை இறங்கியது. பரிசோதகர் அம்மா பண்பாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. தையல்காரி தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் தாரை தாரையாக ஓட, மூச்சு முட்டச் சிரித்தாள். மேல்மாடியிலிருந்து இரண்டு பேர் படிக்கட்டில் பாதி இறங்கிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

"சரி, சரி" என்றார் அம்மா, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "மணி மூணு. மத்த எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டாச்சு. அமைதியா ஒரு அரைமணி நேரம் மட்டும்தான் பாக்கி. அதுக்கு..." அவர் மாஸ்டரைப் பார்த்தார். "மூலத்த அப்புறப்படுத்தணும்."

மாஸ்டருக்குப் புரிந்தது. பெல்ட்டை மாட்டினார். ஷூவைப் போட்டுக்கொண்டார். கடிகாரம், சாவி, சில்லறை எல்லாம் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பின. மூக்குக்கண்ணாடியைத் தையல்காரியே தன் முந்தானையால் துடைத்து அவர் காதில் மாட்டிவிட்டாள்.

விசித்திரம் என்னவென்றால், வேலை நேரத்தில் வந்து உட்காராதீங்க என்று செவ்வாய்க்கிழமை எரிந்து விழுந்தவளுக்கு, இப்போது அவரை அனுப்ப மனசே வரவில்லை.

"கார் நிறுத்துற இடத்துக்கும் அந்தப் பக்கம் மரத்தடியில ஒரு பெஞ்சு இருக்கு. அங்க உட்காருங்க. அஞ்சு மணிக்கு நான் வந்துடுவேன். வண்டிய நானே ஓட்டறேன்."

"நீயா? உனக்கு ரிவர்ஸே வராதே."

"இப்பதானே உங்கள ரிவர்ஸ் எடுத்தேன்? போங்க. ராத்திரி பொண்ணுகிட்ட தூரமா நின்னே எல்லாத்தையும் சொல்லிடுங்க. நாளைக்குக் காலையில பக்கத்துல உட்கார்ந்துக்கலாம்."

"அப்ப இன்னைக்கும் எனக்குப் பாய்தானா?"

"பாய்தான். ஆனா பக்கத்துல எனக்கும் ஒண்ணு விரிங்க. நான் என்ன கர்ப்பிணியா?"

மாஸ்டரின் காது சிவந்தது. தலையை ஆட்டிவிட்டு நடைபாதையில் நடக்கத் தொடங்கினார்.

மூன்று பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். சடசடப்பு அவரோடு நடந்தது. ஈரடிக் கோட்டைத் தாண்டினார், நாலடி, எட்டடி. சட சட. சட்... சட்... தண்ணீர் இயந்திரத்தைத் தாண்டினார். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு அடியும் அவளுக்குக் காதில் கேட்டது.

ஆனால் ஒன்றிரண்டு டிக் மட்டும் அடங்காமல் மிச்சம் நின்றது. எட்டிப் பார்த்தாள். வாசல் கதவைப் பிடித்தபடி மாஸ்டர் திரும்பி நின்று, பரீட்சைக்குப் போகிற பிள்ளையை வழியனுப்புவதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"போங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். கதவு மெல்ல வந்து சட்டத்தில் பொருந்தி, டப்பென்று மூடிக்கொண்டது.

டிக்.